ஜப்பானிய இளவேனில் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே வழியாக ஜப்பானிய ராக், பாப் இசைக்குள் நுழைந்து, பிறகு அந்த இசைக்காகவே அங்கே தங்கிவிட்ட நண்பர்கள் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்ததும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பாடல்களோடு நெடுங்காலம் வாழ்ந்துவிட்டதால் சில பதில்கள் நீண்டுவிட்டன. ஆட்களின் பெயர்களை ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வர எழுதியிருக்கிறேன்.

இளவேனில் பாடல்கள் என்கிறீர்கள். கேட்டால் பாதிப் பாடல்களில் யாரோ யாரையோ பிரிகிறார்கள். ஏன்?

நாட்காட்டிதான் காரணம். ஜப்பானில் அரசின் நிதியாண்டு 1886இலிருந்து ஏப்ரலில் தொடங்குகிறது. கல்வியாண்டும் காலப்போக்கில் அதோடு சேர்ந்துகொண்டது. மார்ச்சில் பள்ளி நிறைவு விழா, ஏப்ரலின் முதல் நாட்களில் அடுத்த பள்ளியின் நுழைவு விழா. ஏப்ரல் 1 அன்று நிறுவனங்கள் புதிய ஊழியர்களை விழா எடுத்து வரவேற்கின்றன. இடமாற்ற ஆணைகளும் இதே நாட்களில்தான் வருகின்றன. சில வாரங்களுக்குள் வகுப்பு மாறுகிறது, வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது. நேற்றுவரை பக்கத்து மேசையில் இருந்தவர் இன்று இல்லை.

அந்த வாரங்களின் நடுவில்தான் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் செர்ரி மரங்கள் பூக்கின்றன. நகரங்களில் பெரும்பாலும் காணப்படுவது சொமேய்-யோஷினோ என்ற வகை. விதை போட்டு வளர்த்ததல்ல, ஒட்டுக் கட்டிப் பெருக்கியது; ஆகவே எல்லா மரங்களும் மரபணுவில் ஒன்றே. சாலையோர மரங்கள் எல்லாம் சேர்ந்து பூக்கும், சேர்ந்தே உதிரும். வானிலைத் துறை ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாதிரி மரத்தைக் குறித்து வைத்திருக்கிறது. டோக்கியோவுக்கு யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கும் மரம். அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் அதிகாரி எண்ணிப் பார்த்து ‘பூத்துவிட்டது’ என்று அறிவிக்கிறார். தொலைக்காட்சிகள் அதைக் காட்டுகின்றன. அங்கிருந்து மரம் முழுதும் பூக்க ஏறக்குறைய ஒரு வாரம். பிறகு ஒரு மழை, ஒரு காற்று போதும்.

பிரியும் நாளும் பூக்கும் நாளும் இப்படி ஒன்றாகிவிட்ட நாட்டில், புதிய தொடக்கம் என்றாலே யாரையாவது விட்டுப் போவது முதலில் நினைவுக்கு வருகிறது. முன்பு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் முடிவைத் தந்தியில் அனுப்பும்போது, தேறியவருக்கு ‘சகுரா (செர்ரி) பூத்தது’ என்றும் தவறியவருக்கு ‘சகுரா உதிர்ந்தது’ என்றும் எழுதும் வழக்கம் இருந்தது. பாலைத் திணையில் வேனிலும் பிரிவும் கைகோத்து வருவதைப் படித்தவர்களுக்கு இது விந்தையாக இருக்காது. பாலைக்கலியில் இளவேனில் வந்துவிட்டது, அவர் வரவில்லையே என்று தலைவி வருந்துவாள். ஜப்பானியப் பாடலில் இளவேனில் வந்துவிட்டது, ஆகவே நாம் கிளம்ப வேண்டும் என்கிறார்கள்.

நான் புதியவன். ஒரே ஒரு பாட்டைச் சொல்லுங்கள்.

ரெமியோரோமென் குழுவின் ‘சங்கட்சு கொகோனோகா’. பொருள், ‘மார்ச் 9’. அவ்வளவுதான் தலைப்பு, ஒரு தேதி.

யாமானாஷி மாநிலத்திலிருந்து வந்த மூவர் குழு அது. கிதார், பேஸ், டிரம்ஸ். உறுப்பினர்களின் பொதுவான நண்பர் ஒருவருக்கு மார்ச் 9 அன்று திருமணம். அந்தத் திருமணத்துக்காக எழுதிய பாட்டு இது. 2004 மார்ச் 9 அன்று தனிப்பாடலாக வெளிவந்தது. ஜப்பானிய மொழியில் மூன்றும் ஒன்பதும் சேர்ந்தால் ‘சன்-கியூ’. நன்றி சொல்லும் ‘தேங்க் யூ’வை ஜப்பானியர் உச்சரிப்பதும் கிட்டத்தட்ட அப்படியே. 2005இல், குணமாகாத நோயோடு போராடும் மாணவியின் கதையான ‘ஒரு லிட்டர் கண்ணீர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரு வகுப்பே சேர்ந்து இதைப் பாடியது. அதன் பிறகு திருமணப் பாட்டு பள்ளி நிறைவுப் பாட்டாகிவிட்டது. நாடெங்கும் மாணவர்கள் மார்ச்சில் பாடுகிறார்கள்.

முதல் வரியைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பருவங்களின் நடுவே, பகல் நீண்டிருப்பதைத் திடீரென்று உணர்கிறேன் என்கிறார் பாடகர். பூ இல்லை, கண்ணீர் இல்லை. மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. இளவேனில் முதலில் நம்மிடம் வந்து சேர்வது அப்படித்தான். அதையும் மரியாதை நடையில், கடிதம் எழுதுவதுபோலச் சொல்கிறார். நண்பனின் திருமண மேடைக்கு முன்னால் நின்று பேசும் இளைஞனின் குரல் அது. கண்ணை மூடினால் இமைக்குப் பின்னால் நீ இருக்கிறாய் என்ற பல்லவி, மணமகனுக்கும் பொருந்துகிறது, பிரியும் தோழிக்கும் பொருந்துகிறது. இந்தப் பாட்டு ஒரு விழாவிலிருந்து இன்னொரு விழாவுக்கு இவ்வளவு எளிதாக இடம்பெயர்ந்ததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

‘சகுரா’ என்று தேடினால் பல பாட்டுகள் வருகின்றன. எது எது?

குழப்பம் நியாயமானதே. ஆனால் எழுத்தில் வேறுபாடு உண்டு. மொரியாமா நவோதாரோ (2003), கெட்சுமேய்ஷி (2005) இருவரும் தலைப்பை ஹிராகானா என்ற ஜப்பானிய அசையெழுத்தில் எழுதினார்கள். கொபுகுரோ இரட்டையர் (2005) ‘காஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்தில் எழுதினார்கள். இகிமோனோகாகாரி (2006) ரோமன் எழுத்தில். ஒரே சொல், மூன்று முகம்.

இவற்றுள் மொரியாமாவின் பாட்டுக்குத்தான் நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டும். தலைப்போடு ‘தோக்குஷோ’, அதாவது ‘தனிக்குரல்’ என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார். பியானோ ஒன்று, குரல் ஒன்று, வேறெதுவும் கிடையாது. முதலில் அச்சிட்டது சுமார் 1,200 பிரதிகள்தான். மெல்ல மெல்லப் பரவி, சில வாரங்கள் கழித்து விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. செர்ரி மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் உன்னை மறுபடி சந்திக்கும் நாளுக்காகக் காத்திருப்போம் என்ற உறுதிமொழிதான் பாட்டின் உயிர். அவர் அந்தச் சொற்களை உச்சத்தில் தலைக்குரலில் ஏற்றும்போது, உறுதிமொழி நிறைவேறுமா என்ற ஐயமும் கூடவே ஏறுகிறது.

கொபுகுரோவின் பாட்டு அவர்கள் தெருவில் நின்று பாடிய காலத்திலேயே பிறந்தது. தனிப்பாடலாக வந்ததோ 2005 நவம்பரில், செர்ரிக்குச் சற்றும் தொடர்பில்லாத மாதத்தில். இகிமோனோகாகாரியின் பாட்டு அவர்களுடைய பெரிய நிறுவன அறிமுகம், மார்ச் 15. கெட்சுமேய்ஷி ராப் கலந்த குழு. துள்ளலான தாளத்தில் பழைய காதலை நினைக்கிறார்கள்.

ஃபுகுயாமா மசாஹாருவின் ‘சகுராசாகா’வையும் (2000) இந்தக் கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். ‘செர்ரிச் சரிவு’ என்று பொருள். இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2000களில் செர்ரிப் பாடல்கள் அலையலையாக வந்ததற்கு இதுவும் மொரியாமாவும் கதவு திறந்துவிட்டார்கள்.

இதெல்லாம் மென்மையான பாப். ராக் இசைக்கும் இளவேனிலுக்கும் என்ன தொடர்பு?

மிக ஆழமான தொடர்பு. ஜப்பானிய மொழி ராக் இசையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக எல்லோரும் கருதும் இசைத்தட்டு, ஹாப்பி எண்ட் குழு 1970 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் தொகுப்பு. ஹொசோனோ ஹருஓமி, ஓதாகி எய்ச்சி, சுசுகி ஷிகேரு, மட்சுமோதோ தகாஷி ஆகிய நால்வர். ராக்கை ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும், ஜப்பானிய மொழியின் அசைகள் அந்தத் தாளத்தில் உட்காராது என்று இசைக்காரர்களே வாதிட்ட காலம் அது. இவர்கள் ஜப்பானிய மொழியிலேயே பாடினார்கள். அந்தத் தொகுப்பின் முதல் பாட்டின் பெயர் ‘ஹாரு யோ கோய்’. ‘இளவேனிலே, வா.’

பாட்டில் இளவேனில் இல்லை. புத்தாண்டு நாள், கடுங்குளிர். சூடேற்றிய கோதாட்சு மேசையைச் சுற்றிக் குடும்பமாக உட்கார்ந்து, ‘சோனி’ என்ற புத்தாண்டு சூப் குடித்து, சீட்டு விளையாடிய பழைய புத்தாண்டுகளை ஒருவன் நினைக்கிறான். இப்போது வீட்டை விட்டு வந்து தனியாக இருக்கிறான். யாருமில்லாத அறையில் இளவேனிலைக் கூப்பிடுகிறான். ஓதாகி ஒவ்வோர் அசையையும் இழுத்து, முறுக்கிப் பாட, சுசுகியின் கிதார் கரகரவென்று கூடவே உராய்கிறது. கூப்பிடுகிறவனுக்கே அது வருமா என்று தெரியாது. ஜப்பானிய ராக் தன் முதல் மூச்சில் சொன்னது இதைத்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதே தலைப்பில் குழந்தைப் பாட்டு ஒன்று அதற்கு முன்பே இருக்கிறது. 1994இல் மட்சுதோயா யூமியும் இதே தலைப்பில் ஒரு பாட்டை வெளியிட்டார். என்எச்கே தொலைக்காட்சியின் காலைத் தொடருக்காக எழுதியது. பழைய கவிதை நடையில் அமைந்த சொற்கள், நீர் வழிவதுபோன்ற பியானோ. பனிச்சறுக்கு வீரர் ஹன்யூ யுசுரு 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நிறைவுக் காட்சியில் இந்த இசைக்குத்தான் ஆடினார். பலர் இதை அறிந்தது அப்படித்தான்.

இங்கே ஒரு இழை இருக்கிறது. ஹாப்பி எண்டின் டிரம்ஸ் கலைஞர் மட்சுமோதோ தகாஷிதான் 1970ஆம் ஆண்டுப் பாட்டின் சொற்களை எழுதியவர். குழு கலைந்த பிறகு அவர் திரும்பிப் பார்க்காமல் பாப் பாடலாசிரியர் ஆனார். 1982 ஜனவரியில் மட்சுதா செய்கோ பாடிய ‘அகாய் ஸ்வீட் பீ’ அவர் எழுதியது. அதற்கு இசையமைத்தவர் குரேதா கருஹோ. அது மட்சுதோயா யூமியின் புனைபெயர். ‘இளவேனிலே, வா’ என்று 1970இல் கூப்பிட்டவரும் 1994இல் கூப்பிட்டவரும் நடுவழியில் சந்தித்து உருவாக்கிய பாட்டு அது. இளவேனில் நிறத்தில் ஒரு ரயில், கடலுக்குப் போகும் பயணம், பழகி அரையாண்டு ஆகியும் கையைத் தொடாத ஒரு பையன். இந்த மூன்று பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: 1970, 1982, 1994. வேறு எந்த அறிமுகமும் தேவைப்படாது.

மகிழ்ச்சியான இளவேனில் பாட்டே இல்லையா?

இருக்கிறது. கேண்டீஸ் என்ற மூன்று பெண்கள் குழுவின் ‘ஹாரு இச்சிபான்’ (1976). பனி உருகி ஆறாகிறது, சுகுஷி முளைகள் வெட்கத்தோடு தலை நீட்டுகின்றன, இளவேனில் வரப்போகிறதே, காதலித்துப் பார்த்தால் என்ன என்று மூவரும் கேட்கிறார்கள். பித்தளைக் கருவிகளும் கிதாரும் சேர்ந்து தூக்கும் முன்னிசையைக் கேட்டால் உட்கார்ந்திருக்க முடியாது.

‘ஹாரு இச்சிபான்’ என்பது குளிர்காலம் முடியும்போது வீசும் முதல் பலத்த தென்காற்று. இன்று வானிலைத் துறையே அதை அறிவிக்கிறது. அந்தச் சொல்லை நாடெங்கும் வீட்டுச் சொல்லாக்கியதில் இந்தப் பாட்டுக்குப் பங்குண்டு. சொல்லின் வேர் வேறு. நாகசாகி மாநிலத்தின் இகி தீவைச் சேர்ந்த 53 மீனவர்கள் 1859இல் அப்படியொரு காற்றில் மாண்டார்கள். அதன்பின் அங்கே அந்தக் காற்றுக்கு இப்பெயர் நிலைத்தது என்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அஞ்சிய சொல் அது.

ஸ்பிட்ஸ் குழுவின் ‘செர்ரி’யையும் (1996 ஏப்ரல் 10) இந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்வேன். உன்னை மறக்கமாட்டேன் என்று தொடங்கினாலும், அது முன்னால் போகிறவனின் பாட்டு. வளைந்து நெளிந்த பாதை, இப்போதுதான் பிறந்த சூரியன், மஞ்சள் மணல். அந்த மஞ்சள் மணல், ஆசியப் பெருநிலத்திலிருந்து இளவேனிலில் காற்றோடு ஜப்பானை எட்டும் தூசியாக இருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. நான் கற்பனை செய்ததைவிட இரைச்சலான எதிர்காலம் எனக்காகக் காத்திருக்கிறது என்கிறார் குசானோ மசாமுனே. ‘ஒளிமயமான எதிர்காலம்’ என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ‘இரைச்சலான எதிர்காலம்’ என்ற சொல்லில்தான் இருபது வயதின் உண்மை இருக்கிறது. பாட்டுக்குள் ‘செர்ரி’ என்ற சொல் ஓரிடத்திலும் வராது.

செர்ரிப் பூவைத் தவிர வேறு பூவே இல்லையா?

மட்சுதோயாவின் 1994ஆம் ஆண்டுப் பாட்டில் வருவது ஜின்சோகே. பார்ப்பதற்கு முன்பே மணம் வந்து சேரும் சிறு பூ. மட்சுதா செய்கோவுக்கு ஸ்வீட் பீ.

மிக முக்கியமானது ஹிதோதோ யோவின் ‘ஹானாமிசுகி’ (2004). 1912இல் டோக்கியோ மேயர் ஒசாகி யுகியோ வாஷிங்டன் நகரத்துக்குச் செர்ரி மரங்களை அனுப்பினார். அதற்கு மறுகொடையாக 1915இல் அமெரிக்கா அனுப்பிய மரம்தான் ஹானாமிசுகி. செர்ரி உதிர்ந்த பிறகு பூப்பது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க்கில் ஹிதோதோவின் தோழி ஒருவர் இருந்தார். அந்த அதிர்ச்சியில் எழுதத் தொடங்கிய பாட்டு இது. கோபத்தில் தொடங்கியதாக இருந்தாலும், கடைசியில் அவர் வைத்துக்கொண்டது ஒரு வேண்டுதலை மட்டும்: நீயும் உனக்குப் பிரியமானவரும் நூறாண்டு நிலைக்க வேண்டும். நாடு நாட்டுக்கு அனுப்பிய நட்பு மரத்தின் பெயரை அவர் தேர்ந்தெடுத்ததை அறிந்து கேட்டால் அந்த வேண்டுதலின் எடை கூடுகிறது.

பள்ளி நிறைவு விழாவில் உண்மையில் எந்தப் பாடல்களைப் பாடுகிறார்கள்?

பழைய தலைமுறைக்கு ‘ஹோதாரு நோ ஹிகாரி’ (1881), ‘அவோகேபா தோதோஷி’ (1884). முதலாவது ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டு. இரண்டாவது ஆசிரியர்களுக்கு நன்றி சொல்வது.

பிறகு ஒரு சிறு அற்புதம் நடந்தது. சைதாமா மாநிலம் சிச்சிபு நகரின் காகேமோரி நடுநிலைப் பள்ளியில், 1991இல், வெளியேறும் மாணவர்களுக்குப் பரிசாகத் தலைமை ஆசிரியர் சொற்கள் எழுத, இசை ஆசிரியை மெட்டமைத்தார். ஒரு தடவை பாடிவிட்டு முடித்துக்கொள்ளத்தான் நினைத்தார்கள். ‘தாபிதாச்சி நோ ஹி நி’ (புறப்படும் நாளில்) என்ற அந்தப் பாட்டு பள்ளியிலிருந்து பள்ளிக்குப் பரவி, இன்று நாடு முழுவதும் பாடப்படுகிறது.

பாப் உலகம் பள்ளிக்குள் நுழைந்தது என்எச்கேயின் பள்ளிச் சேர்ந்திசைப் போட்டி வழியாக. நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்காக 2008இல் ஆஞ்செலா அகி எழுதியது ‘தெகாமி’ (கடிதம்). பதின்ம வயதில் தனக்குத் தானே எழுதிக்கொண்ட கடிதத்தை அவருடைய தாய் முப்பதாம் பிறந்தநாளில் அவருக்கு அனுப்பிவைத்தார். பாட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை எதிர்காலத்துக்கு எழுதுகிறது. பெரியவளான அவளே பதில் எழுதுகிறாள். 2009இல் இகிமோனோகாகாரியின் ‘யெல்’.

ராக் பக்கம் வந்தால், ஒசாகி யுதாகாவின் ‘சொட்சுக்யோ’ (1985 ஜனவரி). பொருள், பள்ளி நிறைவு. விழாவில் இதைப் பாட விடமாட்டார்கள். இரவில் பள்ளியின் கண்ணாடிகளை உடைத்துத் திரிந்ததைப் பாடுகிறார். அடுத்து அவர் கேட்கும் கேள்வி அதைவிடக் கூர்மையானது: இந்த ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட பிறகு எங்களைக் கட்டப்போவது எது? ஒசாகி 1992 ஏப்ரலில் 26 வயதில் இறந்தார். கேள்வி அப்படியே நிற்கிறது.

அதே 1985இன் தொடக்கத்தில், அதே ‘சொட்சுக்யோ’ என்ற பெயரில் சைதோ யூகி, கிகுச்சி மொமோகோ, குராசாவா அட்சுமி ஆகியோரின் பாடல்களும் வந்தன. சைதோ யூகியின் பாட்டை எழுதியவர் மறுபடியும் மட்சுமோதோ தகாஷி. விழாவில் அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி என்பார்கள், ஆனாலும் இதைவிடத் துயரமான ஒரு கணத்துக்காகக் கண்ணீரைச் சேமித்து வைக்கிறேன் என்கிறாள் அந்தப் பெண். பதினெட்டு வயதில் அப்படியொரு நிதானம்! ஒசாகியின் ஆவேசமும் இந்த நிதானமும் ஒரே குளிர்காலத்தில், ஒரே பெயரில் வெளிவந்தன. எனக்கு இரண்டும் வேண்டும்.

சட்டைப் பொத்தானைப் பற்றிப் பாடுகிறார்களே, அது என்ன?

ஆண் மாணவர் சீருடையின் மேலிருந்து இரண்டாவது பொத்தான். நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பது. நிறைவு நாளில் பெண்கள் தமக்குப் பிடித்தவரிடம் அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. நகாஜிமா மியுகி எழுதி, காஷிவபாரா யோஷியே பாடிய ‘ஹாரு ந நோ நி’ (இளவேனிலாக இருந்தும், 1983) பாட்டில் நினைவாக ஒரு பொத்தான் கேட்கும் இடம் வருகிறது.

பாட்டுக்குப் பாட்டு ரயில் வருவது தற்செயலா?

இல்லை. கிராமத்திலிருந்து டோக்கியோவுக்கும் டோக்கியோவிலிருந்து ஊருக்கும் போகும் மாதம் அது. நடைமேடைதான் பிரியும் இடம். இதன் தலைப்பாட்டு ‘நகோரியுகி’. இசே ஷோசோ எழுதி, 1974இல் ககுயாஹிமே குழுவின் தொகுப்பில் வந்தது; 1975இல் இருகா என்ற பாடகி பாடிப் புகழ் பெற்றது. பருவம் தப்பி விழும் பனி, ரயிலுக்குக் காத்திருக்கும் பெண், டோக்கியோவில் நான் பார்க்கும் கடைசிப் பனி இதுதான் என்கிறாள். பக்கத்தில் நிற்பவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் சென்ற பிறகுதான் அவள் எவ்வளவு அழகாகிவிட்டாள் என்று அவனுக்கு உறைக்கிறது. இசேயின் சொந்த ஊரான ஓய்தா மாநிலம் சுகுமியின் ரயில் நிலையத்தில் இந்த மெட்டைத்தான் ரயில் வருகைக்கு ஒலிக்கவிடுகிறார்கள்.

இகிமோனோகாகாரியின் ‘சகுரா’வில் ஒதாக்யூ தடத்தின் ஜன்னலில் இந்த ஆண்டும் செர்ரி தெரிகிறது. கனகாவா மாநிலத்தில் அந்தத் தடத்தை ஒட்டி வளர்ந்தவர்கள் அவர்கள். அய்ம்யோன் பாடிய ‘ஹாரு நோ ஹி’ (2019) கிதா-சென்ஜு நிலைய நடைமேடையில் தொடங்குகிறது. இது ஷின்சான் திரைப்படத்துக்காக எழுதப்பட்டது. ஆம், நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் ஒலிச்சேர்க்கையில் பார்க்கும் அதே ஷின்சான். அவனுடைய அப்பா அம்மாவிடம் திருமணம் கேட்ட இடத்தை நினைத்து எழுதிய பாட்டு என்று தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கார்ட்டூனே வேறு மாதிரித் தோன்றும்.

சில மெட்டுகள் நம் காதுக்குப் பழகியவை போல இருக்கின்றன. பிரமையா?

பிரமையில்லை. மேற்கத்திய மேஜர் சுரவரிசையில் நான்காவதையும் ஏழாவதையும் விட்டுவிட்டு அமையும் மெட்டுகளுக்கு ஜப்பானில் ‘யோனனுகி’ என்று பெயர். எஞ்சுவது ஸ, ரி, க, ப, த. மோகனத்தின் சுரங்கள். மேலே சொன்ன ‘ஹோதாரு நோ ஹிகாரி’ அந்த ஐந்து சுரங்களுக்குள் நிற்கிறது. கமகம் இல்லாததால் அதை மோகனம் என்று சொல்லிவிட முடியாது. உறவு சுரங்களோடு நின்றுவிடுகிறது. கோதோ வாத்தியத்தில் வாசிக்கும் பழைய ‘சகுரா, சகுரா’ மெட்டோ, அது முடியும் சுரத்தை ஆதாரமாகக் கொண்டால், ‘கர்நாடக சுத்த சாவேரி’ என்ற ராகத்தின் சுரங்களில் அமைகிறது.

இன்றைய பாப் பாடல்களில் இன்னொன்று உண்டு. நான்காம் சுரத்தின் மேஜரில் தொடங்கி, ஐந்தாம் மேஜர், மூன்றாம் மைனர், ஆறாம் மைனர் என்று இறங்கும் கார்ட் வரிசை. ‘ஓதோ ஷின்கோ’, அரச பாதை என்பார்கள். வெளிச்சத்தில் தொடங்கி வலியில் வந்து இறங்குவது. பள்ளி நிறைவு விழாவின் மனநிலையும் அதேதான்.

2011 பேரிடருக்குப் பிறகு இந்தப் பாடல்கள் மாறினவா?

பாடல்கள் மாறவில்லை, கேட்கும் காது மாறியது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தது மார்ச் 11, நிறைவு விழாக்களின் பருவத்தில். மறுபடி சந்திப்போம் என்ற வரியை வடகிழக்கில் அதன்பின் யாரும் எளிதாகப் பாடியிருக்க முடியாது.

2012இல் என்எச்கே வெளியிட்ட ‘ஹனா வா சாகு’ (பூக்கள் பூக்கும்) பாட்டின் சொற்கள் இவாய் ஷுஞ்ஜி, இசை கன்னோ யோகோ. இருவரும் பாதிக்கப்பட்ட மியாகி மாநிலத்தின் செண்டாய் நகரத்தவர்கள். அனிமே ரசிகர்களுக்குக் கன்னோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘கவ்பாய் பெபாப்’ அவருடைய இசைதான். நான் எதை விட்டுச் சென்றேன் என்று கேட்கும் அந்தப் பாட்டின் குரல், இறந்தவர்களின் குரலாகவே என் காதில் விழுகிறது. பூக்கும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இங்கே உயிரோடிருப்பவர்கள் அல்ல. இந்தப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்க என்னால் முடிந்ததில்லை.

அண்மைக் காலத்தில்?

யாமா பாடிய ‘ஹாரு ஓ சுகேரு’ (2020): இளவேனிலை அறிவிப்பது என்று பெயர், ஆனால் நள்ளிரவு டோக்கியோவும் தூக்கமின்மையும்தான் பொருள். யோருஷிகாவின் ‘ஹாரு தோரோபோ’ (இளவேனில் திருடன், 2021) எனக்கு மிகவும் பிடித்தது. இதழ்களை அள்ளிக்கொண்டு போகும் காற்று திருடன். நாட்களை அள்ளிக்கொண்டு போகும் காலமும் அவனே. பாடகி சுயிஸின் குரல் உயர உயர, மரத்தில் மிச்சமிருக்கும் இதழ்களை நாமே எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

ஜப்பானிய மொழி தெரியாது. எந்தச் சொற்களைக் காதில் வைத்துக்கொள்ளலாம்?

‘ஹாரு’ இளவேனில். ‘கிசெட்சு’ பருவம். ‘தாபிதாச்சி’ புறப்பாடு. ‘மாதா’ மறுபடியும். ‘சிரு’ உதிர்தல், ‘மாவு’ காற்றில் சுழன்றாடுதல். இதழ் சிருவா மாவுவா என்று கவனித்தாலே பாடலாசிரியரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். ‘செய்ஷுன்’ என்பது இளமை. அதை எழுதும் இரண்டு எழுத்துகளின் நேர்ப்பொருள் ‘நீல இளவேனில்’.

மார்ச் கடைசியில் டோக்கியோ போகிறேன். பாடலோடு தொடர்புடைய இடம் ஒன்றைப் பார்க்க முடியுமா?

ஓதா வட்டத்தில் இருக்கும் சகுராசாகாவுக்குப் போங்கள். தோக்யூ தமாகாவா தடத்தில் நுமாபே நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடங்கள். இரு பக்கமும் செர்ரி மரங்கள், சரிவுக்குக் குறுக்கே சிவப்பு நிறத்தில் ஒரு சிறு பாலம். பாலத்தின் மேல் நின்றால் கிளைகள் கண் மட்டத்துக்கு வரும். வீடுகள் நிறைந்த தெரு அது. பாட்டைக் காதொலிப்பானில் கேளுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பு போனால், அலுவலகத்துக்கு நடந்து போகிறவர்களைத் தவிர அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.